விற்பவர் இன்னொரு வீடு வாங்கினால்தான் நமக்குக் காலி செய்வார் என்றால் என்ன செய்வது?

காட்பாடியில் வீடு பேசி முன்பணம் கொடுத்துவிட்டீர்கள். விற்பவரோ உங்கள் பணத்தைக் கொண்டுதான் இராணிப்பேட்டையில் வேறு வீடு வாங்கப்போகிறார், அங்குள்ளவர் இன்னும் காலி செய்யவில்லை என்கிறீர்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதமானாலும் எல்லோரும் காத்திருக்க நேரும். அதிலும் தேதி ஆடிக்குள் தள்ளிப்போனால், நம் ஊரில் குடிபோக எவரும் சம்மதிப்பதில்லை.

முதலில், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். விற்பவர் வாங்கப்போகும் வீட்டின் தாமதம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்றும், குறித்த நாளில் கிரயம் முடியாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில், என்ன வட்டியோடு திரும்ப வரும் என்றும் அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கொடுத்த முன்பணத்துக்கு, 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, அந்த வீட்டின் மீதே உங்களுக்குப் பாத்தியம் (பணத்துக்கு வீடே பிணையாக நிற்கும் உரிமை) உண்டு. ஆனால் காரணமின்றி நீங்களே பின்வாங்கினால் அது நிலைக்காது.

விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்தால், மூலப்பத்திரங்கள் வங்கியில்தான் இருக்கும். ஆகவே பாக்கிக் கணக்கை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை அவர் கையில் தராமல் நேரே கடன் கணக்கில் செலுத்துங்கள். அடமானம் நீங்கியதற்கான ரசீது ஆவணம் வில்லங்கச் சான்றில் ஏறியதையும் பாருங்கள்.

கிரயத்துக்குப் பிறகு "இரண்டு மாதம் இருந்துகொள்கிறோம்" என்று கேட்டால், வாடகை ஒப்பந்தம் போடுவதைவிட, விலையில் ஒரு தொகையை விற்பவர் காலி செய்யும்வரை நிறுத்திவைப்பதே மேல் என்பது என் எண்ணம். வாடகைக்காரரைக் காலி செய்ய வைப்பது எளிதல்ல. நிறுத்திய தொகையையும் காலி செய்யும் நாளையும் கிரயப் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். வங்கிக் கடனில் வாங்குவதாயின், இதற்கு வங்கியின் சம்மதத்தை முன்பே கேட்டுவிடுங்கள். சாவி கைக்கு வரும்வரை, இப்போதைய வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டாம்.