ஐப்பசி மழைக்கு முன் அம்மாவுக்கு எந்த ஊசி?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது. இள வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார். சர்க்கரை நோயும் மூச்சிரைப்பும் உண்டு. சென்ற ஐப்பசியில் ஃபுளூ காய்ச்சல் வந்து, அது நிமோனியாவாக முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு 71 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இருவரும் 2021-ல் கோவிஷீல்டு இரண்டு தவணை போட்டுக்கொண்டதோடு சரி. இப்போது மறுபடியும் கொரோனா ஊசி போட வேண்டுமா? ஃபுளூ ஊசி, நிமோனியா ஊசி என்கிறார்களே, அவை தேவையா? எந்த மாதம் போடுவது? ஊசி போட்டால் மாரடைப்பு வரும் என்று தெருவில் பேசிக்கொள்வதைக் கேட்டு அப்பா வர மறுக்கிறார். வீட்டில் நான்கு வயதில் என் மகனும் இருக்கிறான்.

பதில்: உங்கள் வீட்டுக்கு முதலில் வேண்டியது ஃபுளூ ஊசி. அடுத்தது நிமோனியா ஊசி. கொரோனா ஊசி மூன்றாவதுதான். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். 2021-ல் போட்ட ஊசியைப் பற்றியே இன்றுவரை கவலைப்படுகிறார்கள். ஒருமுறைகூடப் போடாத ஊசிகளைப் பற்றிக் கேட்பதே இல்லை. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

அம்மாவின் நுரையீரலிலிருந்து தொடங்குகிறேன். சுளகை மடியில் வைத்துக் குனிந்து, இலையில் தூளை இட்டுச் சுருட்டும்போது மூக்குக்கும் புகையிலைத் தூளுக்கும் இடையே இரண்டு சாண்கூட இருக்காது. ஒரு பீடியும் பிடிக்காத பெண்களுக்கு மூச்சிரைப்பு வருவதில் அதனால் வியப்பில்லை. அத்தோடு சர்க்கரையும் சேர்ந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இன்னும் குறைகிறது. இந்த உடம்பில் ஃபுளூ நுழைந்தால் மூச்சுக்குழலின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் வேலை செய்யாமல் போகும். அப்போது, தொண்டையில் தொந்தரவின்றி இருந்துவந்த நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஃபுளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியாவில் ஒரு பெரும் பங்கு இப்படி வருவதுதான். இரண்டு ஊசிகளையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஃபுளூ ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசி தரும் காப்பும் சில மாதங்களில் தேய்கிறது. எந்தெந்த வகைக் கிருமிகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. மருந்துப் பெட்டியின் மேல் எந்த ஆண்டுக்கான ஊசி என்பது அச்சிட்டிருக்கும். கடைக்காரர் எடுத்துத் தரும்போது அதையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். சென்ற ஆண்டுப் பெட்டி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று வகைக் கிருமிக்கானது, நான்கு வகைக்கானது என்று இரண்டு தினுசு இருக்கும். நான்காவதாகச் சேர்க்கப்பட்ட பி யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை என்பதால், மூன்று வகை ஊசியே போதும்.

எந்த மாதம் என்பதில்தான் நம் பக்கத்து ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். வட இந்தியாவின் பல நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃபுளூ உச்சத்தில் இருக்கும். அந்த ஊர்ச் செய்தியைப் பார்த்துவிட்டு, இங்கே ஆவணி கழிந்ததும் ஆபத்து நீங்கியது என்று இருந்துவிடுகிறோம். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பதிவானது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தாமிரபரணிச் சமவெளிக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததும் ஐப்பசியில்தானே? ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே பிசானச் சாகுபடிக்கு வயலைத் தயார்செய்யும் புரட்டாசித் தொடக்கத்திலேயே போட்டு முடித்துவிடுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனியிலேயே சாரல் பிடித்துவிடுவதால் அங்குள்ளவர்கள் வைகாசியில் போட்டுக்கொண்டாலும் தவறில்லை. தவறவிட்டவர்கள் மழை தொடங்கிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். கார்த்திகையில் போட்டாலும் பயன் உண்டு.

இந்த ஊசி போட்டால் சளியே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணச் சளிக்குக் காரணமான கிருமிகள் வேறு. ஃபுளூவிலும், ஊசியும் கிருமியும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரிடம் போகும் அளவு நோய்வாய்ப்படும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. முதியவர்களுக்குக் கிடைக்கும் காப்பு இன்னும் சற்றுக் குறைவு. ஆனால் மறுபடி ஆக்சிஜன் குழாயோடு அம்மா படுக்காமல் இருக்க அந்த அளவு காப்பே பெரிது. ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் ஊசியே ஃபுளூவைக் கொண்டுவராது. கைவலியும் ஒருநாள் உடம்புக் கதகதப்பும் இருக்கலாம்.

நிமோனியா ஊசி ஆண்டுதோறும் போடுவதல்ல. அதில் பிசிவி 13 என்ற வகையை முதலில் போட்டு, ஓராண்டு கழித்து பிபிஎஸ்வி 23 என்ற வகையைப் போடுவது வழக்கம். பிசிவி 20 கிடைத்தால் அது ஒன்றே போதும். ஃபுளூ ஊசியையும் இதையும் ஒரே நாளில், ஆளுக்கொரு கையாக, அதாவது இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இனி அப்பாவின் பயம். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வந்தது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தலைகாட்டுவது. 2021-ல் போட்டுக்கொண்டவருக்கு இன்று அதனால் வரப்போவதில்லை. 18 முதல் 45 வயதினரின் திடீர் மரணங்களைச் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல மாநில மருத்துவமனைகளோடு சேர்ந்து ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். கொரோனா ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்பதே அவர்கள் கண்டது. அப்பாவின் வயதினர் அதில் இல்லை. அவருக்கு நான் காட்ட விரும்புவது வேறோர் ஆய்வு. கனடாவில் நடந்து 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஃபுளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட ஆறு மடங்கு. ஸ்டென்ட் வைத்தவர் பயப்பட வேண்டியது ஃபுளூவுக்கு. இதை அவருக்கு நிதானமாக, இதய மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். மாத்திரையை ஊசிக்காக நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்று செவிலியரிடம் முன்பே சொன்னால் மெல்லிய ஊசியால் போடுவார்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

கொரோனா ஊசிக்கு வருகிறேன். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டது, கிருமி விலகவில்லை. முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் மீண்டும் ஒரு தவணை போட்டுக்கொள்ளலாம் என்பதே அந்நிறுவனத்தின் ஆலோசனை. இங்கே முன்போல முகாம்கள் இல்லை. உங்கள் மருத்துவர் புதிய வகைக் கிருமிக்கேற்பத் திருத்திய ஊசி கைவசம் இருக்கிறது என்றால் இருவரும் போட்டுக்கொள்ளட்டும். ஃபுளூ ஊசியோடு சேர்த்தே போடலாம். கிடைக்கவில்லை என்பதற்காக மற்ற இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

பெரியவர்களுக்கான ஃபுளூ ஊசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை. மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமும் இருக்காது. ஆயிரம் ரூபாயைத் தாண்டும் விலை, நிமோனியா ஊசி அதைவிடக் கூடுதல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். இதை அரசே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, பணம் போதாவிட்டால் இருவருக்கும் ஃபுளூ ஊசியை இந்த ஆண்டு போட்டுவிட்டு, நிமோனியா ஊசியை அம்மாவுக்கு முதலிலும் அப்பாவுக்கு அடுத்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களே வாங்கிச் செல்வதானால் ஒரு சங்கதி. இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியவை. பாளையங்கோட்டையில் வாங்கி, பஸ்ஸில் பையோடு வைத்து முக்கூடல் கொண்டுவந்தால் வெயிலில் கெட்டுவிடும். பனிக்கட்டியை நேரே ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் பயனில்லை. ஊசி போடும் மருத்துவமனையிலேயே இருப்பு வைத்திருந்தால் அங்கேயே போட்டுக்கொள்வது மேல்.

அன்றைக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்பிருந்த தடை இப்போது இல்லை. ஊசிக்குப் பின்னும் காய்ச்சலும் இருமலும் வந்தால் சுக்குக் காபி குடிக்கலாம், ஆனால் அதோடு மூன்று நாள் பார்ப்போம் என்று அம்மாவை வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஃபுளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பேசும்போதே மூச்சு வாங்கினாலோ விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 94-க்குக் கீழே காட்டினாலோ 108-ஐ அழைத்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உங்கள் மகனுக்கும் ஃபுளூ ஊசி போடலாம். பள்ளியிலிருந்து காய்ச்சலைத் தாத்தா பாட்டியிடம் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகள்தான். ஒன்பது வயதுக்குள் முதன்முறையாகப் போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். நிமோனியா ஊசி தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான அட்டவணையில் 2021 ஜூலையில்தான் சேர்ந்தது, அவனுடைய அட்டையில் அது மூன்று முறை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபுளூவின் முதல் தவணையை அவனுக்கு ஆவணி பிறந்ததும் போட்டுவிட்டால், இரண்டாவது தவணைக்கு அவனை அழைத்துப் போகும் நாளில் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போய் மூவருக்கும் ஒரே நடையில் முடித்துவிடலாம்.