ஏரியில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரிகிறதா?

கேள்வி: செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஏரியை ஒட்டிய புது மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து நானும் ஏழாவது படிக்கும் என் மகளும் விடுமுறை நாட்களில் காலை ஆறு மணிக்கே தண்ணீர் ஓரம் போய் நின்றுவிடுகிறோம். சூரியன் எதிர்க்கரைக்கு மேலே எழும்பி வருவது பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீரில் நிறைய வாத்துகளும் இருக்கின்றன. ஆனால் 10×50 பைனாகுலரில் பார்த்தாலும் எல்லாம் கறுப்புக் கறுப்பாகத்தான் தெரிகின்றன. நிறம் தெரியாமல் எப்படி அடையாளம் காண்பது? 20×50 வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் பைனாகுலர் நன்றாகத்தான் இருக்கிறது. கேள்வியிலேயே விடையும் இருக்கிறது: சூரியன் எதிர்க்கரைக்கு மேலே எழும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது நீங்கள் சூரியனைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். வெளிச்சம் பறவையின் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது, உங்களுக்குத் தெரிவது அதன் நிழல் பக்கம். தண்ணீர் வேறு கண்ணாடிபோல் மின்னுகிறது. இந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும் கறுப்பு கொஞ்சம் பெரிய கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

நம் பக்கத்து ஏரிகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் புரியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் நிலம் பொதுவாக மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. மேற்கிலிருந்து வரத்துக்கால் வழியாக ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் கரை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான ஏரிகளில் மதகுள்ள மண்கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கும். ஆழமும் அங்கேதான். மேற்கே போகப்போகத் தண்ணீர் மெலிந்து முழங்கால் அளவு, கணுக்கால் அளவு என்றாகும். அந்த மேட்டுப் பக்கத்தை ஒட்டித்தான் இப்போது புது மனைப்பிரிவுகள் வருகின்றன. உங்கள் வீடும் அங்கேதான் இருக்க வேண்டும். எல்லா ஏரிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வடக்கிலும் தெற்கிலும் கரை உள்ள ஏரிகளும் உண்டு. ஆனால் உங்கள் ஏரிக்குப் பொருந்துகிறது என்பதை உங்கள் சூரியனே சொல்லிவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையில் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போங்கள். வண்டியில் பத்து நிமிடம் ஆகலாம், போய்த்தான் ஆக வேண்டும். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, நன்றாகத் தெற்கே தள்ளி, தென்கிழக்கில் உதிக்கும். மார்கழி முதல் வாரம் கழிந்த பிறகுதான் மெல்ல வடக்கே நகரும். எனவே கரையின் தென்கிழக்கு மூலை உங்களுக்குத் தோதான இடம். அங்கிருந்து வடமேற்கே பார்த்தால் முதுகுக்குப் பின்னால் சூரியன், முன்னால் வெளிச்சம் பட்ட பறவை. இதுவரை கறுப்பாகத் தெரிந்த தலையில் பச்சையும் பழுப்பும் பளிச்சென்று தெரியும். உங்கள் மகளின் முகத்தை அப்போது பாருங்கள்.

மாலையில் இதெல்லாம் தலைகீழாகிவிடும். நான்கு மணிக்கு மேல் உங்கள் வீட்டுப் பக்கம்தான் நல்ல பக்கம்.

ஆறு மணி என்பதும் கொஞ்சம் சீக்கிரம். மார்கழிக் கடைசியில் உங்கள் ஊரில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 6.30 ஆகிவிடும். வெளிச்சம் தண்ணீர்மேல் விழ இன்னும் கால்மணி நேரம் ஆகும். 6.45-லிருந்து 8.30 வரை பொற்காலம். ஒன்பது மணிக்கு மேல் சேறும் தண்ணீரும் சூடேறிக் காற்று நெளியத் தொடங்கும். அப்புறம் தூரத்துப் பறவையும் சேர்ந்து நெளியும். ஆறு மணிக்கே போவதில் ஒரு லாபம் உண்டு. இரவில் இரை தேடப் போன சீழ்க்கைச் சிறகி வாத்துகள் சீட்டியடித்துக்கொண்டு திரும்புவதைக் கேட்கலாம், இராக்கொக்குகளான வக்காக்கள் அடையப் போவதைப் பார்க்கலாம். அதற்கு ஆசைப்பட்டால் போங்கள், நிறத்தை மட்டும் அப்போது எதிர்பார்க்காதீர்கள்.

கரைமேல் நிற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரை உயரம். நீங்கள் அதன் உச்சியில் நடந்தால் வானத்தை ஒட்டி உங்கள் உருவம் முழுதாக அசைவது ஏரியின் எல்லாப் பறவைக்கும் தெரியும். அருகில் இருந்தவை மெல்ல நீந்தி நடுத் தண்ணீருக்குப் போய்விடும். அதனால் நடக்காதீர்கள். ஒரு பனைமரத்தடியிலோ கருவேலமரத்தடியிலோ போய் உட்கார்ந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் கிட்டே இருக்காது. இருபதாவது நிமிடத்தில் முக்குளிப்பான் ஒன்று பக்கத்தில் தலைநீட்டும், பின்னாலேயே நாமக்கோழிகள் வரும். ஏரியைச் சுற்றி வருவதைவிட ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் அதிகம் கிடைக்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இனி பைனாகுலர். அதில் எழுதியிருக்கும் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். உங்களுடையதில் 50-ஐ 10-ஆல் வகுக்க 5 மி.மீ. கடைக்காரர் சொல்வதில் 2.5 மி.மீ. அகலம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும். விடியற்கால மங்கலில் உங்கள் கண்ணுக்கு இப்போது வரும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் வரும். அதோடு இருபது மடங்கு என்றால் கை நடுக்கமும் இருபது மடங்கு, ஸ்டாண்டு இல்லாமல் ஒன்றும் பார்க்க முடியாது. என் முதல் பைனாகுலர் அப்படிப்பட்டதுதான். இரண்டு குளிர்காலங்கள் அதனோடு போராடினேன். புதிதாக வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது 8×42. எடை குறைவு, பார்வைப் பரப்பு அதிகம், பிள்ளைகளின் கையில் ஆடாது. உங்களிடம் இருப்பதே போதும் என்பதால் அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் அதைச் சரியாக அமைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்து மரம் ஒன்றை இடது கண்ணால் மட்டும் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே மரத்தைத் தெளிவாக்குங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் வளையம் அந்தப் பக்கம்தான் இருக்கும். அந்த வளையம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு வேறு இடத்தில் நிற்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கண்பக்கத்து ரப்பர் விளிம்பை மடக்கிவிடுங்கள். பனியில் லென்ஸ் மங்கினால் முந்தானையாலோ துண்டாலோ துடைக்காதீர்கள், மண்துகள் கீறிவிடும். மெல்லிய லென்ஸ் துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

சரி, பறவைக்கு வருவோம். நிறம் தெரியாமல் எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நல்ல பயிற்சி அதுதான். நீங்கள் பார்த்த அந்தக் கறுப்பு உருவங்கள் வீண் இல்லை. முதலில் நிறத்தை விட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். முழுதாக மூழ்கி வேறிடத்தில் எழுகிறதா? சின்னதாக, பின்பக்கம் பஞ்சுபோல் உருண்டிருந்தால் முக்குளிப்பான். உடல் பாதி தண்ணீருக்குள் அமிழ்ந்து, அலகை மேல்நோக்கிப் பிடித்திருந்தால் நீர்க்காகம். உடலே தெரியாமல் கழுத்து மட்டும் பாம்புபோல் நின்றால் பாம்புத்தாரா. முதுகு உருண்டு, நீந்தும்போது தலை முன்னும் பின்னும் ஆடினால் நாமக்கோழி. அதன் நெற்றியில் உள்ள வெள்ளைப் பட்டை எதிர்வெயிலிலும் சில நேரம் தெரிந்துவிடும். பறக்க நினைத்தால் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்பும்.

மூழ்காமல், தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக் கவிழ்ந்து நிற்பவை வாத்துகள். இவற்றில் கழுத்து நீண்டு, வால் ஊசியாகக் கூர்ந்திருப்பது ஊசிவால் வாத்தின் ஆண். அலகு அகப்பைபோல் அகன்று, முன்பக்கம் கனத்து, அலகைத் தண்ணீரில் பதித்தபடியே நீந்தினால் தட்டைவாயன் வாத்து. சில நேரம் இவை கூட்டமாக வட்டமடித்து நீரைக் கலக்கி, மேலே வரும் நுண்ணுயிர்களை அலகால் வடிகட்டும். நாங்கள் பார்த்துக்கொண்டே அரைமணி நேரத்தைத் தொலைத்திருக்கிறோம். இவை இரண்டோடு நீலச்சிறகு வாத்தும் சைபீரியா, நடு ஆசியா பக்கமிருந்து ஐப்பசிவாக்கில் இங்கே வந்து சேர்பவை. புள்ளிமூக்கு வாத்து நம்மூரிலேயே இருப்பது. அலகின் நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு சிவப்புப் பொட்டு.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் இருக்கும் பளபளப்பான ஆண் வாத்து உங்கள் ஏரியில் இல்லையே என்று மகள் கேட்பாள். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டுச் சில மாதங்கள் பெட்டையைப்போல் மங்கலாகவே இருக்கும். வலசை வந்து இறங்கும்போது பல அந்தக் கோலத்தில்தான் வருகின்றன. ஊசிவால் ஆண் மார்கழிக்குள் பெரும்பாலும் தேறிவிடும், சாக்லேட் நிறத் தலையும் கழுத்தோரம் ஏறும் வெள்ளைக் கோடும் தெளிவாக இருக்கும். நீலச்சிறகு வாத்து மெதுவாகத்தான் மாறும். அதன் ஆணுக்கு அந்த அகலமான வெள்ளைப் புருவம் முழுதாக வர மாசிகூட ஆகலாம். அதுவரை பெட்டை எது, ஆண் எது என்று பிரிக்க முடியவில்லை என்றால் கவலைப்படாமல் வாத்து என்று மட்டும் எழுதி, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏரி நிறைந்திருக்கும். நீர் வற்ற வற்ற ஆட்டம் மாறும். தை, மாசியில் உங்கள் வீட்டுப் பக்கத்து ஆழமில்லாத பகுதியில் சேறு வெளிப்படும்போது உள்ளான்கள், பவளக்காலிகள், மஞ்சள் வாலாட்டிகள் எல்லாம் அங்கே இறங்கும். அப்போது உங்கள் வாசல்தான் ஏரியிலேயே நல்ல இடம். காலையில் எதிர்வெயிலாக இருந்தாலும், கிட்டத்தில் இருப்பதால் சமாளிக்கலாம். வாலை விடாமல் ஆட்டிக்கொண்டே ஓரத்தில் தனியாக நடக்கும் சின்ன உள்ளானை முதலில் பழகிக்கொள்ளுங்கள். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் பிரிக்கலாம். அந்தச் சேற்றில் குப்பை கொட்டுபவர்களைப் பார்த்தால் மனைப்பிரிவுச் சங்கத்தில் இப்போதே பேசுங்கள். பறவை இறங்கும் காலத்தில் பேசினால் தாமதம்.

நத்தைகுத்தி நாரையும் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் வந்தால் அவை எந்தத் திசையில் திரும்பிப் போகின்றன என்று பாருங்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டியிருப்பவை இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும்தான். வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கூட்டில் வாய் பிளந்து காத்திருக்கும் குஞ்சுக்குப் போகும் இரை உங்கள் ஏரியின் நத்தையாகவும் மீனாகவும் இருக்கலாம்.

திடீரென்று எல்லா வாத்தும் நாமக்கோழியும் ஒரே நேரத்தில் கலைந்தால் தண்ணீரைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழப் பறந்து வரும். மூடுபனி அடர்ந்த காலையில் எதுவும் தெரியாது. அன்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள், ஆட்காட்டி உங்களைக் காட்டிக்கொடுப்பதையாவது கேட்கலாம். போகிப் பண்டிகை அன்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள். பனியும் புகையும் சேர்ந்தால் எதிர்க்கரைகூடத் தெரியாது.

கரைப் புல்லில் காலைக் குளிரில் கண்ணாடிவிரியன் அசையாமல் படுத்திருக்கும். செருப்போடு போகாதீர்கள், இருவருக்கும் மூடிய காலணி வேண்டும், இருட்டாக இருந்தால் டார்ச்சும். படத்துக்காகக் கல் எறிந்து கூட்டத்தைப் பறக்கவிடுபவர்களைக் கண்டால் மென்மையாகத் தடுத்துவிடுங்கள். பகலெல்லாம் தூங்கி இரவில் மேயும் வாத்துகள் அவற்றில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் திரும்பும் பயணத்துக்குச் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. ஏரியில் வலை போடும் மீனவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மூலையில் வாத்து அடைகிறது என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, இனத்தையும் எண்ணிக்கையையும் இபேர்ட் செயலியில் பதிவு செய்தால் போதும். நீங்களும் மகளும் இந்தப் பொங்கலுக்கே சேர்ந்துகொள்ளலாம், அடையாளம் தெரிந்த ஐந்து பறவையோடுகூட. அப்புறம் பங்குனி வரை வாரம் ஒருமுறை அதே மரத்தடியில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு வாரம் நாமக்கோழி மட்டும் இருக்கும், ஊசிவால்கள் இருக்காது. கடைசியாக அவற்றைப் பார்த்த தேதியை நோட்டில் எழுதிவையுங்கள். வரும் ஐப்பசியில் முதலாவதாகப் பார்க்கும் தேதியை அதற்குக் கீழேயே எழுத இடம் விடுங்கள்.