முகம் சிவந்து காந்தி, பருப்போலக் கிளம்பும் ரோசேசியா என்ற தோல் நோய் தொற்றுநோயா? முகத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் போய்விடுமா?

இரண்டு கேள்விக்கும் இல்லை என்பதே பதில். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் அதிகமாகத்தான் ஆகும். என் கன்னமே சாட்சி.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறேன். விடியற்காலை தோசைக்கல் முன் நின்றால் பதினொரு மணிக்குத்தான் நகர்வேன். கன்னம் இரண்டும் காந்தும். நான் நல்ல கறுப்பு. சிவப்பெல்லாம் வெளியே தெரியாது. கன்னம் சற்றே ஊதா கலந்து கறுத்திருந்தது, அவ்வளவுதான். அடுப்பு வேக்காடு என்று விட்டுவிட்டேன். பிறகு பருக்கள் கிளம்பின. கடலைமாவு போட்டுத் தேய்த்தேன், எரிந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். நான்கே நாளில் முகம் தெளிந்தது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பியது. அது ஸ்டீராய்டு களிம்பாம். இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். நாளடைவில் தோலை மெலியவைத்து, ரோசேசியா போன்ற தடிப்பைத் தானே உண்டாக்கும்.

புதுச்சேரியில் பார்த்த தோல் மருத்துவர் விளக்கைப் பிடித்துக் கருமுனைகளை (பிளாக்ஹெட்ஸ்) தேடினார். ஒன்றும் இல்லை. சாதாரணப் பருவில் துளைகள் அடைத்திருக்கும், ரோசேசியாவில் அப்படி இருக்காது என்றார். கண் உறுத்துகிறதா என்றும் கேட்டார். உறுத்தியது, நான் மையின் மேல் பழி போட்டிருந்தேன்.

உள்ளே நடப்பது இது. கிருமிகளை எதிர்க்கத் தோல் கேத்தலிசிடின் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. கல்லிக்ரீன் 5 என்ற நொதி அதை வெட்டி எல்.எல்.-37 போன்ற துண்டுகளாக்குகிறது. ரோசேசியாத் தோலில் புரதமும் மிகுதி, நொதியும் மிகுதி என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தத் துண்டுகள் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன, புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கின்றன. திருடனே வராத வீட்டில் காவல்காரன் இரவெல்லாம் விசில் ஊதுவதுபோல. டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி ரோசேசியா உள்ளவர்கள் முகத்தில் கூடுதலாக இருப்பதும் உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் எல்லாப் பெரியவர்கள் முகத்திலும் குடியிருப்பது. உங்களிடமிருந்து யாருக்கும் ரோசேசியா ஒட்டாது.

எனக்கு வியப்பு, நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற வாயில்தான். சூடும் மிளகாயின் காரமும் அதே வாயிலைத்தான் திறக்கின்றன. தோசைக்கல்லும் காரச் சட்னியும் எனக்குக் கூட்டாளிகளாக வேலை செய்திருக்கின்றன!

மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் குறைந்த அளவில் தந்தார். கிருமியைக் கொல்ல அல்ல, அழற்சியை அடக்க. கூடவே மெட்ரோனிடசோல் ஜெல், வெயிலுக்கு சன்ஸ்கிரீன். டியூப் களிம்பு பூசியிருந்தால், அதை எந்த மருத்துவரிடமும் சொல்லாமல் விடாதீர்கள்.

இப்போது தோசைக்கல் கணவர் பொறுப்பு, கல்லா என் பொறுப்பு. தோசை தடிப்பாக வருகிறது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். சட்னியை மட்டும் நான் இன்னும் விடவில்லை.