கடைசி நாட்களில் உடனிருப்பவர்: கேள்வி பதில்

கேள்வி: பிரசவத்துக்குத் துணை நிற்கும் டூலாவைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாவுக்கும் டூலா உண்டா?

பதில்: உண்டு. நியூயார்க்கில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்த ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ், பிரசவ டூலாக்களின் பயிற்சியைத் தாமே பெற்று, அதை அத்தகையவர்களுக்கு ஏற்றபடி மாற்றி 2003இல் தன்னார்வலர்களுக்குக் கற்பித்தார். டூலாக்கள் ஊசி போடுவதில்லை, மருந்தின் அளவில் கை வைப்பதில்லை. உடனிருப்பதும், நடப்பது என்னவென்று வீட்டாருக்கு விளக்குவதுமே அவர்கள் வேலை.

கேள்வி: அம்மாவுக்கு இன்னும் சில நாட்களே என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாப்பாட்டைத் தொடுவதில்லை. பட்டினி போடுகிறோம் என்று உறவினர்கள் ஏசுகிறார்கள். பாலாவது ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். அவர் சாப்பிடாததால் உடல் ஒடுங்கவில்லை. உடல் ஒடுங்குவதால்தான் பசி அடங்கியிருக்கிறது. விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கித் திணறச் செய்யும். நான் உடனிருந்த ஒரு வீட்டில், நோயாளியின் அக்கா பாலாடையை ஏந்தியபடி எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார். அவரிடம் பஞ்சைக் கொடுத்து, பாலில் தோய்த்து நன்றாகப் பிழிந்து உதட்டில் மட்டும் தடவச் சொன்னேன். அன்றிரவு முழுவதும் தங்கையின் தலைமாட்டைவிட்டு அவர் நகரவில்லை. பால் காய்ந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் உதட்டைத் துடைத்து, வெடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெயும் தடவினார். ஏச்சும் நின்றுவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லையே என்ற தவிப்புதான் பெரும்பாலும் ஏச்சாக வெளிப்படுகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கிறது. வேதனைப்படுகிறாரா?

பதில்: விழுங்கப்படாத எச்சில் தேங்குவதால் வரும் சத்தம் அது, கேட்பவர்களைத்தான் அதிகம் உலுக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள். முகம் சுளித்தாலோ முனகினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வெண்டிலேட்டர் வேண்டாம் என்கிறார் அப்பா. எழுதி வைத்தால் செல்லுமா?

பதில்: செல்லும். 2018இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றது; 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த மனநிலையில் இருக்கும்போதே, இரு சாட்சிகள் முன்னிலையில் அவர் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற வேண்டும். தம்மால் பேச இயலாதபோது யார் பேசுவது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: நம் ஊரில் டூலா கிடைப்பாரா?

பதில்: அந்தப் பெயரில் கிடைப்பது அரிது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் கேரளம் முழுவதும் அக்கம்பக்கத்தாரையே இந்த வேலைக்குப் பழக்கியது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.