விண்டோஸில் 63 கிளையண்ட்டோடு நின்றுவிடும் சாக்கெட் சர்வரை லினக்ஸ், மேக்கிலும் ஒழுங்காக ஓடவைப்பது எப்படி?

சி-யில் செலக்ட் (பல சாக்கெட்டுகளை, அதாவது நெட்வொர்க் இணைப்பு முனைகளை, ஒரே நேரத்தில் கவனிக்கும் ஃபங்ஷன்) வைத்து எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் லேப்டாப்பில் 63 கிளையண்ட் வரை சரி. அதற்கு மேல் வருபவை கனெக்ட் ஆகின்றன, பதில் மட்டும் போவதில்லை. அதே கோடு லினக்ஸில் ஓடுகிறது. இதுதானே கேள்வி?

63 என்று எண்ணிச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. செலக்ட்டின் பட்டியலில் எத்தனை சாக்கெட் அடங்கும் என்ற அளவான எஃப்டி_செட்சைஸ் விண்டோஸில் வழக்கமாக 64. அதில் ஒன்று, புதிய கனெக்ஷனுக்காகக் காத்திருக்கும் லிசனிங் சாக்கெட்டுக்குப் போய்விட்டது. 65-வது சாக்கெட்டைச் சேர்க்கப் போனால் எஃப்டி_செட் மேக்ரோ எரர் எதுவும் தராமல் கமுக்கமாக விட்டுவிடும். வின்சாக்2 ஹெடருக்கு முன்னால் அந்த அளவை 1024 என்று டிஃபைன் செய்தால் இன்றைய தலைவலி தீரும்.

லினக்ஸில் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அங்கே அந்தப் பட்டியல், ஒவ்வொரு சாக்கெட் எண்ணுக்கும் ஒரு பிட் என்ற வரிசை. சாக்கெட்டின் எண் 1024-ஐத் தொட்டால் வரிசைக்கு வெளியே உள்ள மெமரியில் எழுதி, சம்பந்தமே இல்லாத இடத்தில் கிராஷ் ஆகலாம். இதற்கு விண்டோஸின் மௌனமே தேவலை.

சரி, செலக்ட்டை விட்டால்? லினக்ஸில் ஈபோல், மேக்கில் கேக்யூ, விண்டோஸில் ஐஓசிபி. முதல் இரண்டும் ‘டேட்டா வந்திருக்கிறது, படித்துக்கொள்’ என்பவை. ஐஓசிபி-யோ ‘நீ கொடுத்த பஃபரில் படித்துப் போட்டாயிற்று’ என்று சொல்லும். அதுவரை அந்தப் பஃபரை நீங்கள் தொடக் கூடாது. இவற்றை ஓஎஸ்ஸுக்கு ஒரு கோடாகப் பிரிக்கும் இஃப்டெஃப் போட்டு ஒட்டவைக்கும் வேலையில் இறங்காதீர்கள். நோட்.ஜேஎஸ்-ஸுக்குக் கீழே ஓடும் லிப்யூவி என்ற லைப்ரரி அதைச் செய்துதருகிறது. நானே எழுதுவேன் என்று நின்றால் இதையாவது கவனியுங்கள்: மேக்கில் லிசனிங் சாக்கெட் நான்-பிளாக்கிங் (வேலை முடியும்வரை காத்து நிற்காதது) என்றால் அக்செப்ட் தரும் சாக்கெட்டும் அப்படியே வரும். லினக்ஸில் வராது, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட வேண்டும். அப்புறம், மறுமுனை மூடிய சாக்கெட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் லினக்ஸிலும் மேக்கிலும் சிக்பைப் என்ற சிக்னல் வந்து சர்வரே செத்துப்போகும். ஆரம்பத்திலேயே அதை இக்னோர் செய்துவிடுங்கள்.

எந்த லைப்ரரியும் உங்களுக்காக முடிவு செய்யாத விஷயம், போன கிளையண்ட்டை எப்போது போனதாகக் கணக்கில் வைப்பது என்பது. கிண்டியில் நாங்கள் பார்க்கும் சர்வருக்குத் தண்ணீர் லாரிகளில் மாட்டிய ஜிபிஎஸ் கருவிகள் டேட்டா அனுப்புகின்றன. வேளச்சேரியில் ஒரு டிரைவர் பேட்டரி ஒயரைக் கழற்றினால், கனெக்ஷனை மூடுவதாகச் சொல்லும் ஃபின் பாக்கெட் வராது. அதனால், மூடியதற்கு அடையாளமாக ரிசீவ் தரும் பூஜ்யமும் வராது. சர்வரைப் பொறுத்தவரை லாரி லைனில்தான் இருக்கிறது. மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் தானாக இயங்காது. இயக்கினாலும் முதல் சோதனைக்கு லினக்ஸிலும் விண்டோஸிலும் 2 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒயரைத் திரும்ப மாட்டினால் அதே கருவி இன்னொரு கனெக்ஷனில் வந்து நிற்கும். எனவே எங்கள் விதி: அதே கருவியின் ஐடி புதிய கனெக்ஷனில் வந்தால் பழைய சாக்கெட்டை மூடு, ‘இருக்கிறேன்’ என்று கருவி அவ்வப்போது அனுப்பும் ஹார்ட்பீட் தொடர்ந்து மூன்று வராவிட்டாலும் மூடு. மூன்று ஓஎஸ்ஸுக்கும் இது ஒன்றுதான்.

சோதிக்கும்போது கிளையண்ட்டை கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தாதீர்கள், கனெக்ஷன் முடிந்ததை ஓஎஸ் மரியாதையாக மறுமுனைக்குச் சொல்லிவிடும். கிளையண்ட்டை ஒரு ஃபோனில் ஓடவிட்டு, பாதியில் ஃபோனை அப்படியே ஃப்ளைட் மோடில் போடுங்கள்.