லாஜிடெக் எஃப்310: உபுண்டுவில் ட்ரிகர் அரைகுறையாக அழுந்தாத சிக்கல்

வணக்கம் நண்பரே. உபுண்டுவில் எஃப்310 கன்ட்ரோலரைச் செருகினால் எல்லாப் பட்டனும் வேலை செய்கிறது, சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய விளையாட்டில் மட்டும் ட்ரிகரை (கன்ட்ரோலரின் முன்விளிம்பில் விரலால் அழுத்தும் விசை) லேசாகத் தொட்டாலே முழு வேகம் பிடிக்கிறது என்கிறீர்கள். டிரைவரைத் தேடி அலைய வேண்டாம், உபுண்டுவின் மையமான லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது.

கன்ட்ரோலரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் 'எக்ஸ்', 'டி' என்று சின்ன ஸ்விட்ச் இருக்கும். உங்களுடையது அநேகமாக 'டி'யில் நிற்கிறது. அந்த நிலையில் ட்ரிகர் வெறும் பட்டன்தான்: அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. 'எக்ஸ்'க்குத் தள்ளினால் லினக்ஸ் இதை எக்ஸ்பாக்ஸ் வகையாக எடுத்துக்கொண்டு எக்ஸ்பேட் டிரைவரிடம் கொடுக்கும். அப்புறம் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு வேகம்தான்.

மாற்றியதும் கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகுங்கள். கன்ட்ரோலரைச் சோதிக்கும் ஜேஸ்டெஸ்ட்-ஜிடிகே செயலியை நிறுவித் திறந்து, ட்ரிகரை மெதுவாக அழுத்துங்கள். அதில் ஆக்ஸிஸ் (அழுத்தத்தின் அளவைக் காட்டும் அச்சு) 2, 5 இரண்டும் -32767இலிருந்து 32767 வரை படிப்படியாக நகர வேண்டும். நகர்ந்தால் கன்ட்ரோலர் சரி. விளையாட்டின் உள்ளீட்டு அமைப்பில் பழைய பதிவை நீக்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரைப் புதிதாக ஒதுக்குங்கள். இதை விட்டுவிட்டால் பழைய பட்டன் எண்ணையே அது தேடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: 'மோட்' பட்டனுக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தால் இடது ஸ்டிக்கும் திசைப் பட்டன்களும் இடம் மாறியிருக்கும். ஒருமுறை அழுத்தி அணைத்துவிடுங்கள்.

ஆக்ஸிஸ் அப்போதும் நகரவில்லை என்றால், செருகியதும் டிமெஸ்ஜி (கெர்னலின் செய்திகளைக் காட்டும் டெர்மினல் கட்டளை) காட்டும் கடைசி வரிகளை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.