என் லேப்டாப்பில் ஓடும் லைப்ரரி, அடுத்தவர் கணினியில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: படங்களின் மேல் தமிழ் எழுத்துகளைச் சரியாக வரைவதற்காகப் பைத்தானில் ஒரு லைப்ரரி எழுதி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருக்கிறேன். உள்ளே கொஞ்சம் சி கோடு உண்டு. அது ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைச் சரியான வடிவிலும் வரிசையிலும் அடுக்குவது), ஃப்ரீடைப் (எழுத்துருவிலிருந்து எழுத்தை வரைவது), ஃப்ரிபிடி (எழுத்தின் திசையைக் கவனிப்பது) என்ற மூன்று சி லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறது. உபுண்டு 22.04-ல் வீல் (நேரடியாக நிறுவத்தக்க தயார்ப் பொதி) கட்டி, பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைப்பிஐ-யில் ஏற்றப் போனால், எந்தக் கணினிக்கானது என்று கோப்பின் பெயரில் சொல்லும் டேக் வெறும் 'லினக்ஸ்' என்று இருந்தால் செல்லாது என்று திருப்பிவிட்டது. கோப்பின் பெயரில் 'மேனிலினக்ஸ்2014' என்று மாற்றினேன், ஏறிவிட்டது. ஆனால் கல்லூரி லேபில் உபுண்டு 20.04. அங்கே இன்ஸ்டால் ஆகிறது, இம்போர்ட் செய்தால் 'ஜிலிப்சி 2.34 இல்லை' (ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) என்கிறது. இன்னொரு நண்பருக்கு 'லிப்ஹார்ஃப்பஸ் கிடைக்கவில்லை' என்று வருகிறது. இந்த லைப்ரரிகளை நானே உள்ளே வைத்துத் தர வேண்டுமா, பயனரையே நிறுவிக்கொள்ளச் சொல்லலாமா? எண் கணக்குகளுக்கான நம்பை லைப்ரரியின் 1.26.4 பதிப்பு மட்டும்தான் வேண்டும் என்று எழுதியிருப்பதற்கும் ஒருவர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: கோப்பின் பெயரை மாற்றினீர்களே, வினை அங்கேதான் ஆரம்பித்தது. மேனிலினக்ஸ்2014 என்பது வெறும் பெயரில்லை, இரண்டு உறுதிமொழிகள். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் இருந்த ஜிலிப்சி 2.17-ஐவிடப் புதிதாக எதையும் கேட்கமாட்டேன் என்பது ஒன்று. ஒரு சிறிய அனுமதிப் பட்டியலைத் தாண்டி எந்த சி லைப்ரரியையும் கணினியில் தேடமாட்டேன் என்பது இன்னொன்று. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப், கோப்பின் பெயரைப் பார்த்து அப்படியே நம்பிவிடும், உள்ளே திறந்து சோதிக்காது. லேபில் முதல் உறுதி உடைந்தது, நண்பரிடம் இரண்டாவது.

அந்த 2.34 எங்கிருந்து வந்தது? உங்கள் சி கோடில் எங்கோ த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) தொடங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். த்ரெட் செயற்கூறுகள் முன்பு லிப்பிதிரெட் என்ற தனிக் கோப்பில் இருந்தன. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34 அவற்றை மையக் கோப்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. உங்கள் உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35. அங்கே கம்பைல் செய்தால், த்ரெட் தொடங்கும் சாதாரண அழைப்பின் மேலும் '2.34' என்ற முத்திரை விழுந்துவிடும். லேபில் இருக்கும் 20.04-ல் ஜிலிப்சி 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. ஜிலிப்சி விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்.

முதலில் இன்றே செய்ய வேண்டியது, அந்தப் பதிப்பை பைப்பிஐ-யில் 'யாங்க்' செய்வது. அழிக்க வேண்டாம். யாங்க் செய்தால் புதிதாக நிறுவுபவர்களுக்கு அது போகாது, ஏற்கெனவே அதே எண்ணைக் குறிப்பிட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். அழித்தாலும் அதே கோப்புப் பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. எப்படியும் புதிய எண் தேவை.

இப்போது முக்கியக் கேள்வி. பயனரையே நிறுவச் சொல்லலாமா? உங்கள் துறையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பைத்தானின் பட லைப்ரரியான பில்லோவின் வீல்களில் 8.2.0-லிருந்து, ஹார்ஃப்பஸையும் ஃப்ரிபிடியையும் சேர்த்துப் பயன்படுத்தும் ராக்கம் என்ற லைப்ரரி உள்ளேயே வருகிறது, ஃப்ரிபிடி மட்டும் வருவதில்லை. கணினியில் அது இருந்தால் ஓடும்போது எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் எளிய வரைமுறைக்கு மாறிவிடும். அப்போது 'கெ' என்று எழுதச் சொன்னால் முதலில் 'க', அதற்கு வலப்பக்கம் ஒற்றைக்கொம்பு. தமிழ் தெரியாத ஒருவர் அதை வருடக்கணக்கில் கவனிக்காமல் அச்சுக்கே அனுப்பிவிடுவார். நீங்கள் இந்த லைப்ரரியை எழுத உட்கார்ந்ததற்கே இதுதான் காரணமோ என்னவோ. எனவே என் பதில்: பிப் வழியாக வருபவர்களுக்கு உள்ளே வைத்தே கொடுங்கள்.

ஆனால் மூன்றையும் வைக்க வேண்டியதில்லை. ஃப்ரிபிடி வலமிருந்து இடம் போகும் எழுத்துகளுக்கானது. தமிழோடு அரபியோ உருதுவோ ஒரே வரியில் கலந்து வந்தால்தான் அதற்கு வேலை. ஹார்ஃப்பஸிடம் எழுத்து தமிழ், திசை இடமிருந்து வலம் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஃப்ரிபிடியை எடுத்துவிட்டால் அதன் எல்ஜிபிஎல் உரிம நிபந்தனைகளும் கூடவே போய்விடும். இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் சி கோடு ஹார்ஃப்பஸைக் கூப்பிடுவதைத் தவிர வேறு என்ன செய்கிறது? அவ்வளவுதான் என்றால் யுஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப்-பை என்ற இரண்டு பேக்கேஜ்கள் ஏற்கெனவே வீல்களாகக் கிடைக்கின்றன. அவற்றை டிபென்டென்சியாக (கூடவே நிறுவப்பட வேண்டியவையாக) போட்டு, உங்கள் பகுதியைச் சுத்தப் பைத்தானாக மாற்றினால் ஒரே வீல் எல்லாக் கணினிக்கும் போதும். இதற்குக் கீழே நான் எழுதியிருக்கும் பெரும்பாலானதைப் படிக்கவே வேண்டாம்.

வேகத்துக்காக சி கட்டாயம் என்றால், கட்டும் இடத்தை மாற்றுங்கள். பைத்தான் பேக்கேஜிங் குழு மேனிலினக்ஸ்_2_28 என்ற டாக்கர் இமேஜை, அதாவது தயாராக அமைத்த ஒரு லினக்ஸ் சூழலை, தருகிறது. அது அல்மாலினக்ஸ் 8, ஜிலிப்சி 2.28, அதனால் உங்கள் லேபின் 2.31-க்குப் பொருந்தும். சென்ட்ஓஎஸ் 7-ன் காலம் 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. மிகப் பழைய சர்வர்களில் உங்களுக்குப் பயனர்கள் இல்லையென்றால் மேனிலினக்ஸ்2014-ஐ விட்டுவிடலாம்.

இமேஜுக்குள் போய், இருக்கிற ஹார்ஃப்பஸை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பழையது. மூலக்கோடை இறக்கி நீங்களே கம்பைல் செய்யுங்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு: ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைக் கேட்கும், ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸைக் கேட்கும். முதலில் ஹார்ஃப்பஸ் வேண்டாம் என்று சொல்லி ஃப்ரீடைப்பைக் கட்டுங்கள், பிறகு அதன்மேல் ஹார்ஃப்பஸ். ஃப்ரீடைப் தன் பங்குக்கு லிப்பிஎன்ஜி, பிராட்லி, பிஜிப்2 என்று கண்ணில் படுவதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வண்ண எமோஜி எழுத்துருவுக்கு லிப்பிஎன்ஜி வேண்டும், வாஃப்2 கோப்புகளுக்கு பிராட்லி. உங்களுக்கு இரண்டுமே வேண்டாம் என்றால் கட்டும்போதே அணைத்துவிடுங்கள்.

கட்டி முடித்த வீலை ஆடிட்வீல் என்ற சோதிக்கும் கருவியிடம் கொடுங்கள். அதன் 'ஷோ' எந்தெந்த லைப்ரரி வெளியிலிருந்து வருகிறது, எந்த டேக்குக்குத் தகுதி என்று சொல்லும். 'ரிப்பேர்' அவற்றை உள்ளே இழுத்துவைத்து, டேக்கையும் அதுவே மாற்றும். ரிப்பேருக்குப் பிறகு வீலை அன்ஜிப் செய்து பாருங்கள், அது ஒரு ஜிப் கோப்புதான். உங்கள் பேக்கேஜின் பக்கத்தில் 'லிப்ஸ்' என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் லிப்ஃப்ரீடைப்பின் பெயரோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வால் ஒட்டியிருக்கும். அந்த வால் இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பில்லோவும் தன் ஃப்ரீடைப்பைச் சுமந்து வருகிறது. ஒரே நிரலில் இரண்டையும் இம்போர்ட் செய்தால், 'இந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே' என்று லைப்ரரிகளை ஏற்றும் லோடர் முதலில் வந்ததையே உங்களுக்கும் கொடுத்துவிடும். பதிப்பு வேறானால், சம்பந்தமே இல்லாத இடத்தில் நிரல் விழும்.

ஒரு காலத்தில் நான் ஆடிட்வீல் இல்லாமல், லைப்ரரிகளைத் தேடும் பாதையைக் கையால் எழுதி ஒரு வீலை வெளியிட்டேன். அந்தப் பாதை என் சொந்த ஹோம் ஃபோல்டரைக் காட்டியது. என்னிடம் மட்டும் அருமையாக ஓடியது!

லேபில் இன்னொரு தடை காத்திருக்கிறது. உபுண்டு 20.04-ஓடு வரும் பிப் 20.0.2. மேனிலினக்ஸ்_2_28 போன்ற புதிய பாணி டேக்குகள் 20.3-லிருந்துதான் பிப்புக்குப் புரியும். பழைய பிப் உங்கள் வீலைத் தாண்டிப்போய், மூலக்கோடை இறக்கிக் கம்பைல் செய்யப் பார்த்து, ஹார்ஃப்பஸ் ஹெடர் இல்லை என்று இரண்டு பக்கத்துக்குப் பிழை கக்கும். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனிப் பைத்தான் சூழல்) போட்டு முதலில் பிப்பைப் புதுப்பிக்கச் சொல்லி ரீட்மீயின் மேலேயே ஒரு வரி எழுதுங்கள்.

விண்டோஸுக்கு டெல்வ்வீல், மேக்குக்கு டீலொகேட் இதே வேலையைச் செய்கின்றன. சிஐபில்ட்வீல் என்ற கருவி எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துத் தரும். ஜிலிப்சி இல்லாத ஆல்பைன் லினக்ஸின் பயனர்கள் கேட்டால், அதற்கான மஸ்லினக்ஸ் வீலும் அதிலேயே கிடைக்கும்.

நம்பை விஷயத்தில் சண்டைக்கு வந்தவர் பக்கம்தான் நியாயம். ஒரே எண்ணைப் பூட்டிவைப்பது அப்ளிகேஷனுக்குச் சரி. லைப்ரரி அப்படிச் செய்தால், 1.26.3 வேண்டும் என்கிற இன்னொரு லைப்ரரியோடு உங்களுடையதை ஒருவராலும் சேர்த்து நிறுவ முடியாது. குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லுங்கள். உங்கள் சி கோடு நம்பையைத் தொடுகிறது என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-ல் சி கோடு அதனோடு இணையும் இடைமுகம் மாறியது. 1 வரிசையை வைத்துக் கட்டியது 2-ல் ஓடாது. 2-ஐ வைத்துக் கட்டினால் 1-ன் அண்மைப் பதிப்புகளிலும் ஓடும்.

உள்ளே வைத்தால் அதைப் பராமரிக்கும் பாரமும் உங்களுடையது. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைக் கையாளும் லிப்வெப்பி லைப்ரரியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. டெபியனோ உபுண்டுவோ தங்கள் ஒரே பிரதியைத் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் எல்லா நிரலும் சரியாகிவிடும். வீல்களுக்குள் இருந்த பிரதிகளை அது தொடவே தொடாது. பில்லோ அதற்காகவே 10.0.1 என்று ஒரு பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது. ஃப்ரீடைப்பின் பாதுகாப்பு அறிவிப்புகளை நீங்களும் பின்தொடர வேண்டும். ஓட்டை வந்தால் உங்கள் கோடில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் புதிய பதிப்பு விட வேண்டும். இதற்கு நேரம் இல்லை என்றால் காண்டா-ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்தைப் பாருங்கள். அங்கே சி லைப்ரரிகளும் தனித்தனிப் பேக்கேஜ்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

டெபியன்காரர்கள் இதே காரணத்துக்காகத்தான் உள்ளே பொதிந்த பிரதிகளை விரும்புவதில்லை. அவர்களுக்காக மூலக்கோடுப் பொதியையும் ஏற்றுங்கள். கணினியில் இருக்கும் ஹார்ஃப்பஸோடு கட்டுவதற்கு ஒரு வழி விட்டுவையுங்கள். கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள். ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப் உரிமக் கோப்புகளை வீலுக்குள் போடவும் மறக்க வேண்டாம். இரண்டும் தாராளமான உரிமங்கள்தான், ஆனால் அறிவிப்பைக் கூடவே வைக்கச் சொல்கின்றன.

ஏற்றுவதற்கு முன், கம்பைலரோ ஹார்ஃப்பஸோ இல்லாத வெறும் உபுண்டு 20.04 கன்டெய்னர் ஒன்றில் வீலை நிறுவிப் பாருங்கள். இம்போர்ட் ஆவதோடு நிறுத்த வேண்டாம். 'கொக்கு' என்று ஒரு படம் வரைந்து, கொம்பு இடப்பக்கம் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.